அறிவியல் அரங்கில் யாரும் நிற்பதில்லை என்ற உங்கள் கேள்விக்கு

பாலங்களைப் பற்றி 12 சுவரொட்டிகள் வைத்தும் எல்லோரும் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிட்டார்கள், பெரியவர்கள் பிள்ளைகளை முன்னே விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிக்கல் அந்த 12 சுவரொட்டிகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு போதும்.

மேசையில் காகிதம், நாணயங்கள், இரண்டு புத்தக அடுக்குகள் வையுங்கள். தட்டையான காகிதத்தை அடுக்குகளுக்கு நடுவே பாலமாகப் போட்டால் ஓரிரு நாணயங்களிலேயே தொய்ந்துவிடும். அதே காகிதத்தை விசிறிபோல மடித்தால் பல மடங்கு தாங்கும். மடிப்பு அதற்கு உயரம் தருகிறது. ஒரு உத்தரத்தின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, 8 மடங்காகும்.

ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "எத்தனை நாணயம் தாங்கும்?" என்று கேட்டு, அவரவர் ஊகத்தைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஊகம் சொன்னவருக்கு முடிவு தெரியாமல் போக மனம் வராது. பெரியவர்களிடமும் கட்டாயம் கேளுங்கள். தச்சு வேலை, கட்டட வேலை தெரிந்தவர் ஒருவர் பேசத் தொடங்கினால் நீங்கள் விலகி நின்று கேளுங்கள், அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்ற கவலை வேண்டாம். ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை வைத்தே இளையோருக்குத் தொடர் சொற்பொழிவு நடத்தினார்.

அப்புறம், தன்னார்வலர்கள் "தெரியவில்லை, செய்து பார்ப்போம்" என்று தயங்காமல் சொல்லட்டும். கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, உள்ளே இருக்கும் நெளிவைக் காட்டுங்கள். அதே மடிப்புதான் அங்கேயும் இருக்கிறது.