தனி எர்த் வேண்டவே வேண்டாம்: ரிப்பீட்டர் கேள்வி-பதில்

ஹாம் (அமெச்சூர்) ரேடியோ ரிப்பீட்டர், அதாவது ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை இன்னொன்றில் உடனே திருப்பி அனுப்பும் பெட்டி பற்றி, மழை தொடங்கும்முன் வந்த கடிதங்கள் இவை. பாதிப்பேர் எர்த் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி டூப்ளெக்சர், அதாவது ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் வடிகட்டி. அதிர்வெண், பவர், கேபிள் நீளம் எதையும் எழுதாமல் வந்தவற்றைக் கடைசியில் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறேன்.

அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து ஜி.எம்.ஆர்.எஸ். ரிப்பீட்டர் வரவழைத்துவிட்டேன். மொட்டை மாடியில் வைத்து வீட்டார் மட்டும் பேசிக்கொள்ளலாமா? (அண்ணா நகர்)

கூடாது. 462, 467 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தக் குறுந்தூர ரேடியோ சேவை அமெரிக்காவுக்கானது, இங்கே அப்படி ஒன்று கிடையாது. உங்களிடம் ஹாம் லைசென்ஸ் இருந்தாலும் அந்த அதிர்வெண்ணில் உரிமை இல்லை. நமக்கு 2 மீட்டர் பேண்டில் 144–146, 70 சென்டிமீட்டர் பேண்டில் 434–438 மெகாஹெர்ட்ஸ். அதிலும் ரிப்பீட்டர் வைக்க உங்கள் சொந்த லைசென்ஸ் போதாது, மத்திய அரசின் ரேடியோ உரிம அலுவலகமான டபிள்யூ.பி.சி.யிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு கேட்கிற கேள்வியா இது?

50 வாட் மொபைல் செட் இரண்டைக் கோத்து ரிப்பீட்டர் செய்தேன். பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. (பெரம்பூர்)

மொபைல் செட் என்பது அரை நிமிடம் பேசி இரண்டு நிமிடம் கேட்கிறவருக்காகச் செய்தது. 50 வாட் வெளியே போகும்போது 13.8 வோல்ட்டில் 10, 11 ஆம்பியர் இழுக்கும். அதாவது 90 வாட்டுக்கு மேல் சூடாகவே நிற்கிறது. 15 வாட்டுக்கு இறக்குங்கள். குறைவது 5 டிபிதான் (டெசிபெல், பவர் விகிதத்தின் அளவு), கேட்பவரின் மீட்டரில் 6 டிபி கொண்ட ஒரு எஸ்-யூனிட்கூட அசையாது. செட்டுக்குள் இருக்கும் விசிறியை நம்பாமல், வெளியிலிருந்து ஃபின்கள் மேல் ஊதும்படி 12 சென்டிமீட்டர் விசிறி ஒன்றை எப்போதும் ஓடவிடுங்கள். டைம்-அவுட் (விடாமல் பேசினால் தானே நிறுத்தும் நேரம்) 3 நிமிடம். லிஃப்ட் ரூமுக்குள் வைத்திருந்தால் சித்திரை வெயிலில் அந்த அறையின் சூட்டையும் கணக்கில் சேருங்கள்.

145 மெகாஹெர்ட்ஸில் 600 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட் (அனுப்பும், வாங்கும் அதிர்வெண்களின் இடைவெளி). உள்ளங்கை அகல டூப்ளெக்சர் போட்டேன். தெருமுனையில் இருக்கும் ஹேண்டி (கையடக்க செட்) கூட விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. (மேடவாக்கம்)

கேட்காதுதான். அந்தச் சின்னப் பெட்டி அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் 5 மெகாஹெர்ட்ஸ், அதற்கு மேலும் இடைவெளி இருக்கும் இடத்துக்கானது. 600 கிலோஹெர்ட்ஸில் 85, 90 டிபி பிரிவினை வேண்டும். அதற்கு ஆறு கேவிட்டி (உலோகக் குழாய் வடிகட்டி), ஒவ்வொன்றும் அரை மீட்டர் உயரத்துக்குக் குறையாமல். கால் அலை நீளமே 51 சென்டிமீட்டர் ஆகும்போது உள்ளங்கையில் அது எப்படி அடங்கும்?

கேவிட்டி முழு செட் கிடைக்காவிட்டால் இரண்டு ஆன்டெனா. ஒரே கம்பத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏறத்தாழ 50 டிபி கிடைக்கும். அதே 10 மீட்டரைப் பக்கவாட்டில் விட்டால் 30 டிபி கிடைத்தாலே பெரிது. மிச்சத்தைக் கேவிட்டியால் நிரப்புங்கள்.

குற்றம் எங்கே என்று பார்க்கும் முறை: ஹேண்டியைக் குறைந்த பவரில், இரைச்சல் கலந்து கேட்கும் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு ரிசீவரின் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். இரைச்சல் ஏறினால் டீசென்ஸ், அதாவது சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரின் காதை மழுங்கடிக்கிறது. இப்போது ஆன்டெனாவைக் கழற்றி, டிரான்ஸ்மிட்டர் பவர் டம்மி லோடுக்கு (பவரைச் சூடாக விழுங்கும் பொய் ஆன்டெனா) போகும்படி வைத்து, ஹேண்டியை மறுபடி இரைச்சல் கலந்து கேட்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுவந்து திரும்பச் செய்யுங்கள். டம்மி லோடில் சரியாகிவிட்டால் குற்றவாளி மேலே இருக்கிறது: கேபிள், கனெக்டர், அல்லது ஆன்டெனா பக்கத்தில் துருப்பிடித்த போல்ட். துரு ஏறிய இணைப்பு டயோடு மாதிரி வேலை செய்து இரைச்சலைத் தானே உண்டாக்கும். கடற்காற்று அடிக்கும் மாடிகளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். டம்மி லோடிலும் தொடர்ந்தால் டூப்ளெக்சர், அல்லது இரண்டு செட்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்திருக்கிறீர்கள்.

30 மீட்டர் ஆர்.ஜி.58 கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) கையிருப்பில் இருக்கிறது, போதுமா? (பெரம்பூர்)

145 மெகாஹெர்ட்ஸில் 6 டிபி இழப்பு. பவரில் முக்கால்வாசி கேபிளிலேயே கரைந்துவிடும். ஆர்.ஜி.213 என்றால் பாதி மிஞ்சும். அரை அங்குல ஹார்டுலைன் (வலைக்குப் பதில் முழு உலோகக் குழாய் உறை) என்றால் 1 டிபிக்குள். எல்.எம்.ஆர்.400 வகை வேண்டாம்: இழப்பு குறைவுதான், ஆனால் அலுமினிய ஃபாயில் மேல் ஈயம் பூசிய செம்பு வலை உரசிக்கொண்டிருக்கும். ஒரே கேபிளில் அனுப்பிக்கொண்டே கேட்கும்போது அது கரகரக்கும். ஹேண்டிக்கும் மொபைலுக்கும் நல்ல கேபிள், ரிப்பீட்டருக்கு ஆகாது.

எலக்ட்ரீஷியன் ரேடியோவுக்கென்று தனி எர்த் பிட் போட்டு 2 ஓம் காட்டினார். ஈ.பி. எர்த்தோடு சேர்க்கவே கூடாது, அது ‘அழுக்கு எர்த்’ என்றார். போன இடியில் பவர் சப்ளையும் ரிசீவரும் போய்விட்டன. 1 ஓமுக்குக் கீழே இறக்க வேண்டுமா? (மேற்கு மாம்பலம்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் மற்ற எர்த்தோடு சேராத தனி எர்த் பிட் தோண்டுவது நிற்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பக்கத்தில் விழும் இடியில் ஒரு பங்கு, 10,000 ஆம்பியர் என்று வைப்போம், உங்கள் கம்பம் வழியாக அந்த 2 ஓம் பிட்டுக்குள் இறங்குகிறது. பிட் 20,000 வோல்ட்டுக்கு எழும்பிவிடும். பதினைந்து மீட்டர் தள்ளி ஈ.பி. எர்த் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் உங்கள் ரேடியோ: முதுகில் கோஆக்ஸ், அது பிட்டோடு. இன்னொரு பக்கம் பவர் சப்ளை, அது ஈ.பி.யோடு. இரண்டு எர்த்தையும் இணைக்கும் ஒரே வழி உங்கள் செட் என்றால் 20,000 வோல்ட் வேறு எப்படிப் போகும்? போனது பவர் சப்ளையும் ரிசீவரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மின்கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால். செட்டின் எல்லாக் கால்களும் ஒரே உலோகத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 20,000-க்கு ஏறி இறங்கட்டும், பாதகமில்லை.

இடியை விடுங்கள். பவர் சப்ளையின் எர்த்தையும் தனி எர்த்துக்கே மாற்றி, அது 20 ஓம் என்று வைத்து, பவர் சப்ளைக்குள் ஃபேஸ் கம்பி பெட்டியில் பட்டுவிட்டது என்று நினைத்துப் பாருங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. எர்த் கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய ஃப்ளாட்டில் பெட்டி 230 வோல்ட்டிலேயே நிற்கும், யாராவது தொடும்வரை.

1 ஓமுக்கு ஆசைப்படுவதும் வீண். நான்காவது மாடியிலிருந்து இறங்கும் 15 மீட்டர் பட்டைக்கு மீட்டருக்கு 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (கரன்டின் திடீர் ஏற்றத்தை எதிர்க்கும் குணம்) என்று வையுங்கள். மின்னல் மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் அந்தப் பட்டையின் மேல் மட்டும் 1,50,000 வோல்ட் நிற்கும். கீழே பிட் 1 ஓமா 5 ஓமா என்பது மேலே இருக்கும் செட்டுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆகவே மேலேயே சமன் செய்ய வேண்டும்.

செய்முறை: கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி, 3 மில்லிமீட்டர் செம்புத் தகடு. கோஆக்ஸ் அரெஸ்டர் (இடி வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் உறுப்பு) அதன் மேலேயே முடுக்கப்பட வேண்டும். ஈ.பி. லைனின் சர்ஜ் அரெஸ்டர், லேன் கேபிள் இருந்தால் அதன் அரெஸ்டர், பேட்டரியின் நெகட்டிவ், ரேக், எல்லாம் அதே தகட்டுக்கு. செட்டுக்குப் போகும் எந்தக் கம்பியும் தகட்டைத் தொடாமல் உள்ளே நுழையக் கூடாது, ஒன்று தப்பினாலும் மொத்த வேலையும் வீண். தகட்டிலிருந்து கீழே 25×3 மில்லிமீட்டர் செம்பு அல்லது 25×6 ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை, செங்கோணத்தில் மடக்காமல் ஓர் அடி வளைவாக. இரும்புக் குழாய்க்குள் விட்டால் குழாயின் இரண்டு முனையையும் பட்டையோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சோக் மாதிரி இடியின் கரன்டைத் தடுக்கும். கீழே உங்கள் பிட், கட்டடத்தின் இடிதாங்கிப் பிட், மீட்டர் போர்டின் மெயின் எர்த் மூன்றையும் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பால் இணையுங்கள். மெயின் போர்டு வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும். அவரும் ‘அழுக்கு எர்த்’ என்று ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் மணலில் எத்தனை ராடு? உப்பும் கரியும் எவ்வளவு? (பெசன்ட் நகர்)

உப்பு வேண்டாம். அங்கே மண்ணிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. கூடுதலாகக் கொட்டும் உப்பு மழைக்குக் கரைந்து போகும், போகும்முன் ஜி.ஐ. பைப்பைத் தின்றுவிட்டுப் போகும். பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) போடுங்கள்.

மண்ணின் தடை 100 ஓம்-மீட்டர் என்றால் 16 மில்லிமீட்டர், 3 மீட்டர் ராடு ஒன்று 33 ஓம் தரும். 6 மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டால் பாதிக்குச் சற்று மேல். நெருக்கி அடித்தால் ஒன்றின் பலனை மற்றது தின்னும், எனவே ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி. உங்கள் பகுதியில் காய்ந்த மேல் மணலுக்கு மதிப்பே இல்லை, ராடை ஜாயின்ட் போட்டு ஊற்று நீர்வரை இறக்குங்கள். வாங்கும்போது ராடின் வாலில் அரம் வைத்து நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உடனே வெள்ளை இரும்பு தெரிந்தால் அது செம்புச் சாயம் பூசிய கம்பி. கால் மில்லிமீட்டர் செம்பு இருக்க வேண்டும். செம்பையும் ஜி.ஐ.யையும் நேராக முடுக்காதீர்கள், நடுவில் ஈயம் பூசிய லக், மேலே கிரீஸ்.

இரண்டடிக்குக் கீழே பாறை. ராடு இறங்கவில்லை. (பல்லாவரம்)

இறங்காது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்குடைய கல்கத்தாக் கல்லறைக்கே உங்கள் ஊர்க் கல்தான் போனது, சார்னகைட் என்ற பெயரும் அதனால் வந்தது. ராடை மறந்துவிட்டு, கிடைக்கும் மண்ணில் ஒன்றரை, இரண்டடி ஆழத்தில் கட்டடத்தைச் சுற்றி 25×6 ஜி.ஐ. பட்டையை 20, 30 மீட்டருக்குப் படுக்க வையுங்கள், சுற்றி பென்டோனைட். ஓம் கணக்கு அழகாக வராது. மேலே தகட்டு வேலை ஒழுங்காக இருந்தால் போதும்.

100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டால் பிரகாசமாக எரிகிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? (வேளச்சேரி)

இல்லை. அந்த பல்பு எரியும்போது 530 ஓம் இருக்கும். உங்கள் எர்த் 50 ஓமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் போகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சோதிக்கிற நேரத்தில் ராடைத் தொட்டவருக்கு 20 வோல்ட். எர்த் அறுந்திருந்தால் முழு 230. எர்த் மெகர் (எர்த்தின் ஓமை அளக்கும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். பிட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு (அதற்குமுன் செட்டை நிறுத்தி கோஆக்ஸையும் கழற்றி), கரன்ட் ஸ்பைக் (மண்ணில் குத்தும் கம்பி) பிட்டிலிருந்து 30 மீட்டரில், வோல்டேஜ் ஸ்பைக் அதில் 62 சதவீதத்தில், அதாவது 18, 19 மீட்டரில். அளக்க வேண்டிய மாதம் மே. ஐப்பசி மழையில் அளந்தால் எல்லாருடைய எர்த்தும் நல்ல எர்த்துதான்.

எர்த் போட்டால் ரேஞ்ச் கூடுமா?

கூடாது. குறையவும் செய்யாது.

கோஆக்ஸ் அரெஸ்டரில் 90 வோல்ட் கேஸ் டியூப் (அந்த வோல்டேஜ் தாண்டினால் கடத்தும் வாயுக் குழல்) போடலாமா? (திருவொற்றியூர்)

50 வாட்டுக்கு உச்சம் 70 வோல்ட். ஆன்டெனாவில் தண்ணீர் ஏறி எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரைக் காட்டும் அளவு) கூடினால் 90-ஐத் தாண்டி, பேசும்போதே டியூப் பற்றிக்கொள்ளும். 230 வோல்ட் டியூப் போடுங்கள். பெரிய இடி ஒன்றுக்குப் பிறகு வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

6 மீட்டர் உயர ஆன்டெனாவை சின்டெக்ஸ் தொட்டி ஸ்டாண்டில் கட்டியிருக்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. (திருவான்மியூர்)

வர்தா புயல் 2016 டிசம்பர் 12-ல் வந்தது, அதற்கு முந்தின நாள்வரை பலருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சென்னைக்கு இந்தியக் கட்டடத் தரமான ஐ.எஸ். 875 தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம், உங்கள் ஆன்டெனா மேல் 35 கிலோ பக்கவாட்டு இழுப்பு. இரண்டு அங்குல பி கிளாஸ் ஜி.ஐ. பைப் (நீலக் கோடு போட்டது), கைப்பிடிச் சுவரில் அல்ல, லிஃப்ட் ரூமின் கான்கிரீட்டில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிளாம்ப். இன்றே.

கரன்ட் போனால் ஒரு நாள் ஓட எவ்வளவு பேட்டரி? (மேடவாக்கம்)

15 வாட்டுக்கு இறக்கிய செட் பேசும்போது 5 ஆம்பியர், சும்மா இருக்கும்போது முக்கால். புயல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பேச்சு என்று வைத்தால் சராசரி 2 ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு 50 ஆம்பியர்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 100 ஆம்பியர்-அவர் டியூபுலர் ஒன்று. விசிறிக்கும் கன்ட்ரோலருக்கும் சேர்த்து 150 வாங்கினால் நிம்மதி. பாசிட்டிவ் முனைக்கு ஒரு அடிக்குள் ஃபியூஸ், அறையில் காற்றோட்டம்.

‘சார், ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை, என்ன செய்ய?’ (ஐந்து கடிதங்கள்)

ஹேண்டியில் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ் ஒலி) போட்டீர்களா, ஆஃப்செட் கூட்டலா கழித்தலா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் அதிர்வெண், பவர், கேபிளின் வகையும் நீளமும், எஸ்.டபிள்யூ.ஆர்., டூப்ளெக்சர் வகை எல்லாம் எழுதி அனுப்புங்கள். எர்த் எப்படி இணைத்திருக்கிறது என்று கையால் ஒரு படமும் போட்டு அனுப்புங்கள்.