1911 பிஸ்டல்: கம்பெனிப் பெயரை நம்பலாமா?

சென்ற இதழில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 பிஸ்டலின் வரலாற்றை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வரலாற்றைத் தாண்டி நேராக ஒரே இடத்தில் வந்து நின்றன: எந்தக் கம்பெனியின் 1911 நம்பகமானது? ஆர்மரராகத் துப்பாக்கி பழுது பார்ப்பதே என் பிழைப்பு. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் பணத்தை வீணாக்கியவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். அதனால் இந்த முறை பதில்கள் முழுக்க அதற்கே.

கேள்வி: ஒரே 1911-ஐ எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன. விலை வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும். எதை நம்பி வாங்குவது?

ஸ்லைடில், அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் எஃகுப் பகுதியில், பொறித்திருக்கும் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். இந்தத் துப்பாக்கி பிரௌனிங்கின் வரைபடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

5 அங்குலக் குழல், முழு எஃகு உடம்பு, .45 அங்குலத் தோட்டா, பிடிக்குள் செருகும் 7 தோட்டா கொள்ளும் மேகசின் என்ற பெட்டி. பிரௌனிங் போட்ட கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான். 1911 மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் நடத்திய இறுதிச் சோதனையில் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த பிஸ்டல் 6,000 ரவுண்டு சுட்டது. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூட ஜாம் ஆகவில்லை. எதிரே போட்டிக்கு நின்ற சாவேஜ் பிஸ்டல் 37 முறை தகராறு செய்தது. அதே மாதம் 29-ஆம் தேதி கோல்ட் தேர்வானது. 1985-இல் இத்தாலியின் பெரெட்டா பிஸ்டல் வரும்வரை அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் இதுதான்.

அந்த நம்பகத்தன்மை வடிவத்தில் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பாகமும் இன்ன அளவு, அதில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று வரைபடம் சொன்னது. அரசு இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்துச் சேராததைத் தள்ளினார். காப்புரிமை காலாவதியாகித் தலைமுறைகள் ஆகிவிட்டன. இன்று யார் வேண்டுமானாலும் 1911 செய்யலாம். அந்த வரைபடத்தை அப்படியே மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒருவர் குழலைக் குட்டையாக்குகிறார், ஒருவர் ஸ்லைடை இறுக்கமாகப் பொருத்துகிறார், இன்னொருவர் சுட்ட கூட்டைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மலிவான முறையில் வார்க்கிறார். பெட்டியில் மட்டும் எல்லோரும் 1911 என்று அச்சடிக்கிறார்கள்.

சரி, பெயர்களுக்கு வருவோம். கோல்ட் இன்றும் செய்கிறது; பழைய வரைபடத்தோடு ஒட்டி நிற்பதில் எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற பெயரில் இப்போது விற்பவர்கள் தனியார். 1968-இல் மூடப்பட்ட அரசுத் தொழிற்சாலையின் பெயரைப் பின்னால் எடுத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய பல பிஸ்டல்களின், பிடியும் ட்ரிகரும் இருக்கும் அடிப்பாகம் பிரேசிலின் இம்பெல் ஆலையில் உருவானது. நல்ல உறுதியான எஃகு. ராக் ஐலண்டு என்ற பெயரில் வருபவை பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் செய்வது. டிசாஸ் துருக்கியின் டிராப்சோனிலிருந்து வருகிறது. இந்த இரண்டின் 5 அங்குல எஃகு மாடல்களை, விலை குறைவு என்பதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். பழைய ராணுவ வடிவத்தை அலங்காரம் இல்லாமல் செய்கிறார்கள். பளபளப்பு கம்மி, ட்ரிகர் கொஞ்சம் கரடு, ஆனால் சுடும். ரூகர் 2011-இல், இந்த வடிவத்தின் நூறாவது ஆண்டில்தான் களத்தில் இறங்கியது. அவர்களுடைய வார்ப்பு எஃகைக் குறை சொல்ல எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

வில்சன் காம்பாட், லெஸ் பேர், எட் பிரௌன், நைட்ஹாக் போன்றவர்களிடம் நீங்கள் கொடுக்கும் பெரிய தொகை கைவேலைக்குப் போகிறது. ஆள் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவதன் பலன் குறி தவறாமையிலும் ட்ரிகரின் மென்மையிலும் தெரியும். போட்டியில் சுடுகிறவர் தாராளமாகக் கொடுக்கலாம். 'ஜாம் ஆகாமல் இருந்தால் போதும்' என்பவர் அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

கேள்வி: நான் பெரும் விலை கொடுத்து வாங்கிய 1911, சுட்ட கூட்டை வெளியே தள்ளாமல் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. 500 ரவுண்டு சுட்டால் பழகிவிடும் என்கிறார் விற்றவர். உண்மையா?

இறுக்கமாகப் பொருத்திய துப்பாக்கி கொஞ்சம் சுட்டபின் இலகுவாகும் என்பது உண்மை. அப்படி இலகுவாகும்போது ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்கும் தொல்லைதான் தீரும். கூடு வெளியே போகாதது அந்த வகைத் தொல்லை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது எக்ஸ்ட்ராக்டரை.

1911-இன் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்கு உள்ளே நீளமாகக் கிடக்கும் ஒரே துண்டு எஃகு. அதற்கென்று தனி ஸ்பிரிங் கிடையாது; லேசாக வளைத்து வைத்த அந்தத் துண்டே ஸ்பிரிங். மேகசினிலிருந்து மேலேறும் தோட்டாவின் விளிம்பு கீழிருந்து வழுக்கிக்கொண்டு அதன் கொக்கிக்குள் போய் உட்கார வேண்டும். வளைவு அதிகமானால் தோட்டா ஏறாது, குறைந்தால் கூட்டைப் பிடித்திழுக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மயிரிழைதான்.

சோதிப்பது எளிது. துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஸ்லைடைக் கழற்றுங்கள். குழலையும் எடுத்துவிடுங்கள். மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றை எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் கீழிருந்து செருகி, ஸ்லைடை மெதுவாக ஆட்டுங்கள். தோட்டா விழாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உடனே விழுந்தால் பிடிப்பு இல்லை. செருகவே கட்டைவிரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் பிடிப்பு அதிகம். அண்மையில் ஒருவர் உங்களைப் போலவே விலையுயர்ந்த பிஸ்டலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். டம்மி தோட்டா கொக்கிக்குள் நிற்கவே இல்லை, செருகிய கையோடு நழுவியது. கழற்றிப் பார்த்தால் எக்ஸ்ட்ராக்டர் நேர்க்கோடாக இருந்தது, வளைவு என்பதே இல்லை. நல்ல ஸ்பிரிங் எஃகில் செய்த வேறொன்றைப் போட்டு, வளைவைச் சரிசெய்து கொடுத்தேன். அதன்பின் அவர் மறுபடி வரவில்லை.

அந்த நேர்க்கோட்டுக்கு அவரும் ஒரு காரணம். தோட்டாவை மேகசினில் போடாமல், ஒற்றைத் தோட்டாவை நேரே குழலுக்குள் இட்டு ஸ்லைடை அடித்து மூடும் வழக்கம் அவருக்கு இருந்தது. அப்படிச் செய்யும்போது கொக்கி விளிம்பின்மேல் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கிறது. இந்த வடிவம் அதற்குச் செய்யப்படவில்லை. நீங்களும் அப்படிச் செய்கிறவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கொக்கியை ஸ்லைடுக்கு வெளியே, தனி ஸ்பிரிங்கோடு வைத்தால் இந்த வளைவுத் தலைவலியே இல்லையே என்று கேட்பீர்கள். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் அப்படித்தான் செய்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. கிம்பர் 2000-களின் தொடக்கத்தில் அதை முயன்று பார்த்துவிட்டு மறுபடி உள் எக்ஸ்ட்ராக்டருக்கே திரும்பியது. என் ஓட்டு உள்ளே இருப்பதற்கே, எஃகு நல்லதாக இருக்கும் பட்சத்தில்.

கேள்வி: மேகசின் எல்லாம் ஒன்றுதானே? 8 தோட்டா கொள்வதை வாங்கினால் என்ன?

ஒன்றில்லை. என் மேஜைக்கு 'துப்பாக்கி கெட்டுவிட்டது' என்று வருபவற்றில் பல, மேகசினை மாற்றினாலே சரியாகிவிடுகின்றன. மேகசினின் மேல் உதடுகள்தான் தோட்டாவை எந்த நேரத்தில், எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கீழே விழுந்து உதடு லேசாக நெளிந்தால்கூடத் தோட்டா மூக்கை நிமிர்த்திக்கொண்டு சிக்கும். 7 தோட்டாவுக்கான உயரத்தில் 8-ஐத் திணிக்கும்போது ஸ்பிரிங்குக்கு இடம் குறைகிறது. நல்ல கம்பெனிகள் அடிப்பகுதியைக் கொஞ்சம் நீட்டி அதைச் சமாளிக்கின்றன. நீட்டாமல் 8 என்று சொன்னால் வாங்காதீர்கள். ஒவ்வொரு மேகசினுக்கும் எண் எழுதி வையுங்கள். ஜாம் ஆனால் எது என்று தெரியும்.

கேள்வி: 3 அங்குலக் குழல் உள்ள குட்டி 1911 கைக்கு அடக்கமாக இருக்கிறது. அதன் நம்பகத்தன்மை எப்படி?

நான் வாங்க மாட்டேன். யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

குழல் குட்டையானால் ஸ்லைடும் குட்டையாகிறது, எடை குறைகிறது, பின்னால் போகும் தூரமும் குறைகிறது. ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ள 5 அங்குல .45-க்கு 16 பவுண்டு ஸ்பிரிங் போதும். குட்டியில் 20-க்கு மேல் வைத்தால்தான் ஸ்லைடு அடங்கும். ஸ்லைடு படுவேகமாகப் போய்த் திரும்புவதால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா மேலே வந்து சேர அவகாசம் போதவில்லை. குழலும் அதிகமாகச் சாய வேண்டியிருக்கிறது. 5 அங்குலத்தில் பெரிதாகத் தெரியாத சிறு தவறு இங்கே ஜாம் ஆகிறது. ஸ்பிரிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டும். 4¼ அங்குலக் கமாண்டர் அளவு வரை பயமில்லை. கோல்ட் அதை 1950-ஐ ஒட்டிக் கொண்டுவந்ததிலிருந்து நன்றாகவே ஓடுகிறது. அதற்குக் கீழே இறங்குவதானால் வேறு வடிவத் துப்பாக்கியைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் தையல் மிஷின் செய்யும் சிங்கர் கம்பெனி இந்தப் பிஸ்டலைச் செய்ததாமே? போர்க்காலத் தயாரிப்புகளில் எது சிறந்தது?

சிங்கர் செய்தது உண்மை. வெறும் 500. எஸ்800001-இலிருந்து எஸ்800500 வரை வரிசை எண். தொழிற்சாலை செய்யக் கற்றுக்கொள்வதற்காகக் கொடுத்த பயிற்சி ஆர்டர் அது. முடித்ததும் வேறு நுட்பமான போர்க்கருவிகள் செய்யப் போய்விட்டார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் சேகரிப்பாளர்களிடையே விலை எங்கேயோ நிற்கிறது. அதனாலேயே போலிகளும் உண்டு. ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னல் 55,000 செய்தது. ஷாட்கன் செய்த இதாகா 3 லட்சத்துக்கும் மேல், கோல்ட் 6 லட்சத்துக்கும் மேல்.

எல்லோரையும் விட அதிகம் செய்தது டைப்ரைட்டர் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட். 8 லட்சத்துக்கும் மேல்! அவர்கள் தொடக்கத்தில் தடுமாறினார்கள். பல பிஸ்டல்களைக் கழற்றிப் பாகங்களைக் கலந்து மறுபடி பூட்டினால் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்பது ராணுவத்தின் விதி. அதில் தேறாமல் 1943-இல் தயாரிப்பே நின்றது. பின் திருத்திக்கொண்டு செய்தவை போர்க்காலத்தின் மிக நல்ல பிஸ்டல்களில் சேரும். எனக்குப் பிடித்ததும் அந்தப் பிற்கால ரெமிங்டன் ராண்ட்தான். துப்பாக்கியே செய்திராத ஒரு கம்பெனி, வரைபடத்தை மதித்ததால் மட்டுமே அந்தத் தரத்துக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை. முதல் உலகப் போர்க்காலத்து ஸ்லைடுகளின் எஃகு மென்மையானது, இன்றைய முறைப்படி கடினப்படுத்தியதில்லை. விரிசல் விடும். அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சுடாதீர்கள்.

கேள்வி: தோட்டா வழுக்கி ஏறும் சரிவைப் பளபளவென்று தேய்த்துவிட்டால் ஜாம் ஆகாது என்கிறார்களே?

தயவுசெய்து தொடாதீர்கள். அடிப்பாகத்தின் சரிவுக்கும் குழலின் சரிவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். தேய்க்கிறேன் என்று அந்தக் கோணத்தையோ இடைவெளியையோ மாற்றிவிட்டால், அடிப்பாகத்துக்கு மாற்று வாங்க முடியாது, அதுதான் துப்பாக்கியே. முதலில் மேகசின், அடுத்து ஸ்பிரிங், அப்புறம் எக்ஸ்ட்ராக்டர். மூன்றும் சரியாக இருந்தும் சிக்கினால் ஆர்மரரிடம் கொடுங்கள்.

கேள்வி: கோல்ட் 1983-இல் கொண்டுவந்த சீரிஸ் 80 பாதுகாப்பு, நம்பகத்தன்மையைக் குறைத்துவிட்டதா?

இல்லை. பழைய வடிவத்தில் துப்பாக்கி குழல்முனை கீழாக உயரத்திலிருந்து விழுந்தால், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் தன் வேகத்திலேயே முன்னால் போய்த் தட்ட வாய்ப்புண்டு. சீரிஸ் 80-இல் ட்ரிகரை அழுத்தும்வரை ஒரு சிறு குமிழ் அந்தப் பின்னைத் தடுத்து நிறுத்துகிறது. சில கம்பெனிகள் குமிழ் வைக்காமல், எடை குறைந்த டைட்டானியம் பின் போட்டு அதே ஆபத்தைக் குறைக்கின்றன. ட்ரிகர் கொஞ்சம் கனக்கிறது என்று சொல்லிக் குமிழைக் கழற்றித் தரச் சொல்பவர்கள் என்னிடம் வருவதுண்டு. எவ்வளவு கொடுத்தாலும் அதை நான் செய்வதில்லை.