நிறம் போன தண்ணீர்

வணக்கம் ஐயா,

திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆவாரை இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள்களும் துத்தநாக ஆக்சைடு துகள்களும் தயாரித்து, அவற்றை வினையூக்கியாக வைத்து மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தண்ணீரிலிருந்து நீக்குகிறேன். வெள்ளித் துகளோடு சோடியம் போரோஹைட்ரைடு என்ற ஒடுக்கியை (எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்) சேர்த்தால் சில நிமிடங்களில் நீலம் முழுக்கப் போய்விடுகிறது. நொய்யலுக்கு இது தீர்வாகும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

என் அப்பா திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டர். ஆசையாக அவரிடம் இதைச் சொன்னேன். "நெறம் போச்சு, செரி. உப்பு எங்க கண்ணு போச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பத்தாவது வரை படித்தவர். அவருக்குப் புரிகிற மாதிரி நானோ வினையூக்கத்தை எளிய தமிழில் எப்படிச் சொல்வது? இந்தத் துறைக்குத் தமிழில் நல்ல புத்தகம் உண்டா? பட்டம் முடித்ததும் வெளிநாடு போகலாமா?

ச., கோபிசெட்டிபாளையம்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வரியைத்தான். இலைச்சாறு, நானோ துகள், சாய நீக்கம் என்று நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓடுகிற கேள்வி அது. என்னால் அதை இத்தனை சுருக்கமாகக் கேட்க முடிந்ததில்லை.

முதலில் எளிய தமிழுக்கு வருகிறேன், அது சுலபம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட் நிலம். வேதிவினை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால் இந்தப் பரப்புக்கு அவ்வளவு மதிப்பு. கட்டியாக இருக்கும்போது எதோடும் எளிதில் சேராத தங்கம், ஆக்சைடுகளின் மேல் 5 நானோமீட்டருக்கும் குறைந்த துகளாக உட்கார்ந்தால், உறைநிலைக்கு வெகு கீழேகூட கார்பன் மோனாக்சைடை எரித்துவிடுகிறது. ஜப்பானில் ஹருத்தா என்ற வேதியியலாளர் 1987-இல் வெளியிட்டது இது. பரப்பு மட்டுமே இதற்குக் காரணமல்ல, விளிம்பிலும் மூலையிலும் நிற்கும் அணுக்களின் குணமே வேறு. இவ்வளவையும் நீங்கள் சொன்னால் உங்கள் அப்பா கேட்டுக்கொள்வார். பாவுக்கும் நூலுக்கும் சாயம் ஏற்றும் மனிதருக்கு மேற்பரப்பு தெரியாதா?

ஆனால் அவர் உங்களிடம் விளக்கம் கேட்கவில்லை அம்மணி. உங்கள் ஆய்வின் மேல் எழுப்பவேண்டிய முதல் கேள்வியை எழுப்பினார். அதற்குப் பதில் இல்லாததால் உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அந்தக் கஷ்டத்தை அவருடைய பத்தாம் வகுப்பின் மேல் போட்டுவிட்டீர்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. கூழ்மத் தங்கத்தை, அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்களை, முதன்முதலாக முறையாக ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர், கல்லூரிக்குப் போனவரில்லை.

அதே ஃபாரடே 1857-இல் கண்ட ஒன்று உங்கள் அப்பாவின் கேள்வியோடு நேராக வந்து ஒட்டுகிறது. சிவப்பாக இருக்கும் தங்கக் கரைசலில் கொஞ்சம் உப்பைப் போட்டால் அது நீலமாகிவிடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பது மின்சுமையால். உப்பு அந்தச் சுமையை மறைக்க, துகள்கள் கூடிக் கட்டிக்கொள்கின்றன. கூடியதும் பரப்பு போயிற்று, பரப்போடு வினையூக்கமும் குறைந்தது.

சாயத் தொட்டியில் நடப்பதும் இதே மறைப்புதான். தண்ணீரில் நனைந்த பருத்தி எதிர்மின்சுமையோடு (மைனஸ்) இருக்கிறது, இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயமும் அதே மைனஸ் சுமையோடு இருக்கிறது, இரண்டும் விலகும். அதனால்தான் அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலே உப்பு போடுகிறார்கள். அது சுமையை மறைத்துச் சாயத்தை இழையருகே கொண்டுபோகும், பிறகு சோடா சாம்பல் போட்டுப் பிணைக்க வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் நின்றுவிடுகிறது. உப்பு துளிகூட நிற்பதில்லை, போட்டது அத்தனையும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வருகிறது. உங்கள் அப்பா தினமும் மூட்டை மூட்டையாகக் கொட்டவைத்து, வெளியே போவதையும் பார்க்கிறார். நீங்கள் காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்துவிட்டு அதற்கு நொய்யல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மெத்திலீன் நீலம் நேர்மின்சுமையுள்ள (பிளஸ்) சாயம், பனியன் துணிக்கு அதை யாரும் போடுவதில்லை.

என் மாமாவின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, சென்னிமலையிலிருந்து போகிற வழியில். 1992-இல் அணை வந்தபோது அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கவேண்டிய இடத்தில் சாயத்தண்ணீர் வந்து தேங்கியது. முதலில் வாய்க்கால் கறுத்தது. பிறகு மஞ்சள் கருகியது, வாழை கருகியது. ஊரே நிறத்தைப் பற்றித்தான் பேசியது. மாமா மட்டும் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு என்னிடம் நீட்டினார். பளிங்காக இருந்தது. "இதுல என்ன நெறம் இருக்குது சொல்லு? மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார். மண் வழியாக இறங்கும்போது சாயத்தை மண் பிடித்துக்கொண்டது. உப்பு நேராகக் கிணற்றுக்குப் போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் தென்னை மட்டும் ஓரளவு தாங்கி நின்றது. மாமா அதன் பிறகு மஞ்சள் நடவில்லை. நிறம் போய்விட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான், உங்கள் மேல் தனியாக ஒன்றுமில்லை.

நிறம் போனதுகூட நிஜமாகப் போனதா? மெத்திலீன் நீலம் ஒடுக்கப்பட்டால் நிறமற்ற வடிவத்துக்கு மாறும், ஆக்சிஜன் பட்டால் திரும்ப நீலமாகும். போரோஹைட்ரைடு தீர்ந்தபின் அந்தக் குப்பியைத் திறந்து குலுக்கி வைத்துப் பார்த்தீர்களா? திருப்பூரில் ஓடும் சாயங்களில் நிறைய அசோ வகை, இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைந்த பிணைப்பால் நிறம் தருபவை. அவற்றை ஒடுக்கினால் நிறம் போகும், அந்தப் பிணைப்பு உடைந்த துண்டுகளான அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை, கண்ணுக்குத் தெரியாதவை. போரோஹைட்ரைடு வினை முடிந்ததும் போரேட்டாகத் தண்ணீரில் தங்கும், போரான் மிகுந்தால் பயிருக்கு விஷம். இலைச்சாற்றில் தயாரித்ததால் இதைப் பசுமை முறை என்று எழுதுவது நியாயமே இல்லை. ஆவாரை பசுமையானதுதான், அதற்கு அடுத்த படியில் நீங்கள் ஊற்றியது என்ன? தவிர, வெள்ளி கிருமியைக் கொல்லும். சுத்திகரிப்பு நிலையத்தின் உயிரியல் தொட்டியில் வேலை செய்வதே கிருமிகள்தான்.

துத்தநாக ஆக்சைடு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். ஒளி பட்டால் அது எதையும் உடனே தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்குகிறது, அவை சாயத்தைக் கார்பன் டை ஆக்சைடு வரை உடைக்க வல்லவை. ஆனால் சாயத்தண்ணீரில் உள்ள கார்பனேட்டும் குளோரைடும் அந்த உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். கடும் காரத்தில் ஆக்சைடே கரையும். இருட்டில் அரைமணி நேரம் வைத்து வெறுமனே ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்று கழித்தீர்களா, துகளே இல்லாமல் வெயிலில் வைத்து எவ்வளவு வெளுத்தது என்று பார்த்தீர்களா என்பதெல்லாம் உங்கள் நெறியாளர் கேட்டிருக்க வேண்டியவை. கேட்காதது அவர் தவறு.

சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடு இறுகியது. ஆர்ஓ வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்துவிட்டு, மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கி உப்பாக எடுக்கிறார்கள். சுத்தமான உப்பும் தெளிந்த உப்புக் கரைசலும் திரும்பச் சாயத் தொட்டிக்கே போகும். மிச்சச் சாயமும் அழுக்கும் கலந்த உப்புக்கு எடுப்பார் இல்லை, மூட்டையில் குவிகிறது. உங்கள் வினையூக்கிக்கான இடம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் செறிந்த உப்புக் கரைசலில், உப்பைத் தொடாமல், கரிமப் பொருளை மட்டும் முழுக்க உடைக்கிற ஒரு துகள் வேண்டும். உப்பில் கட்டிக்கொள்ளாமல் இருக்க அதை ஏதாவது ஒரு தாங்கியின் மேல் பதிக்க வேண்டும், வேலை முடிந்ததும் முழுக்கத் திரும்ப எடுக்கவும் முடியவேண்டும். இது நடந்தால் உப்பு எங்கே போச்சு என்ற கேள்விக்கு, திரும்பத் தொட்டிக்கே போச்சு என்று பதில் சொல்லலாம்.

ஆகவே அப்பாவிடம் போய் விளக்காதீர்கள், கேளுங்கள். எந்தச் சாயம், எவ்வளவு உப்பு, கழிவின் காரத்தன்மை என்ன, எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தால் உண்மையான மாதிரி கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பட்டறை அனுமதித்தால் ஒரு கேன் வாங்கிவந்து, நிறத்தோடு மொத்தக் கரிமக் கார்பனையும், அதாவது கரிமப் பொருள் உடையாமல் எவ்வளவு மிஞ்சியது என்பதையும், அளந்து பாருங்கள். எண்கள் மோசமாக வரும். அப்படியே எழுதுங்கள். ஆவாரை இலையை எந்த மாதம், எந்த மண்ணில் பறித்தீர்கள் என்பதையும் குறியுங்கள், மழைக்கு முன்னும் பின்னும் சாறு ஒன்றாக இருக்காது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். நீங்களும் அப்பாவும் சேர்ந்து ஒன்று எழுதுங்கள், நான் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். வெளிநாடு போவதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.