விடையைப் பார்த்தால் புரிகிறது, தேர்வறையில் மறக்கிறது

கேள்வி: பி.காம் முடித்துவிட்டு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) இன்டர்மீடியட் தேர்வின் முதல் குரூப்புக்கு, அதாவது முதல் மூன்று தாள்களுக்கு, படிக்கிறேன். படிக்கும்போது கணக்கு நன்றாகப் புரிகிறது. மூன்று வாரம் கழித்து, ரொக்க ஓட்ட அறிக்கையில் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதே மறந்துவிடுகிறது. காரைக்குடியில் நினைவாற்றல் பயிற்சி ஒன்றுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: சேராதீர்கள் அம்மா. இருபது பொருள்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்க அங்கே சொல்லித்தருவார்கள். தேர்வில் அந்த வித்தைக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

தீர்த்த கணக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசித்த சூட்டில் வரும் தெளிவை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

ஆகவே ஒரு கணக்கைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் போடுங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை அதையே போடுங்கள். தப்பு வந்தால் ஏன் வந்தது என்று தனி நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். கடைசி வாரத்துக்கு அந்த நோட்டு போதும்.

கூட்டல் கழித்தலைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவே வேண்டாம். ரொக்க ஓட்ட அறிக்கை என்பது, ஏட்டிலுள்ள லாபத்தில் தொடங்கி, பணப்பெட்டிக்கு உண்மையில் எவ்வளவு காசு வந்தது என்று கண்டுபிடிப்பதுதான். கடனாளிகள், அதாவது கடனுக்குச் சரக்கு வாங்கியவர்கள், தர வேண்டிய பாக்கி 50,000 ரூபாயிலிருந்து 80,000 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு விற்றாயிற்று, லாபத்திலும் சேர்ந்தாயிற்று, ஆனால் 30,000 பெட்டிக்கு வரவில்லை. லாபத்திலிருந்து கழியுங்கள். தேய்மானம், அதாவது இயந்திரம், கட்டடம் பழசாவதற்கு ஏட்டில் எழுதும் செலவு, லாபத்தைக் குறைத்தது, பெட்டியிலிருந்து காசு எதுவும் போகவில்லை. கூட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'பெட்டியில் என்ன நடந்தது?' என்று மட்டும் கேளுங்கள். ஏட்டில் வரவான வட்டி வேறு, பெட்டியில் விழுந்த வட்டி வேறு. இது தெரியாத பெட்டியடிப் பையனை, அதாவது பணப்பெட்டியருகே உட்கார்ந்து தொழில் பழகும் பையனை, அந்தக் காலத்து ரங்கூன் வட்டிக்கடையில் ஒரு நாள்கூட வைத்திருந்திருக்க மாட்டார்கள்.

இனி தரகர்கள். 2024 முதல் இந்தத் தேர்வை ஆண்டுக்கு மூன்று முறை நடத்துகிறார்கள். மாணவர்களுக்கு நல்லது என்றார்கள். இவர்களுக்கு மூன்று போகம் விளைகிறது! 'வரப்போகும் கேள்விகள்' என்று வாட்ஸ்அப்பில் விற்பவன், வகுப்பில் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குகிறவன், 'தேர்ச்சிக்கு உத்தரவாதம்' தருகிறவன் என ஒருவனையும் வாசலில் ஏற்றாதீர்கள். பாடநூல், திருப்புதல் வினாத்தாள், மாதிரித் தேர்வுத் தாள் எல்லாமே பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசம். அவற்றின் பருமனைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். சுருக்கி எழுத அவர்களுக்கு யார் சொல்வது?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆண்டுதோறும் பிள்ளைகள் விழுகிறார்கள். ஒரு தாளில் நூற்றுக்கு 60 எடுத்தால், குரூப்பில் தோற்றாலும், அடுத்த மூன்று தேர்வுகள் வரை அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம். ஆனால் குரூப்பின் மூன்று தாள்களையும் எழுதியிருந்தால்தான் இந்தச் சலுகை. முதல் தாளான கணக்கியலில் 60 வரும் அளவுக்கு எழுதிவிட்டு, சட்டத் தாள் சரியில்லை என்று மனம் ஒடிந்து வரித் தாளுக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் அந்த 60 வீண். சலுகை கிடைத்த பிறகும் கணக்கு இருக்கிறது: மூன்று தாளுக்கும் சேர்த்து 150 வேண்டும். 60 போக மீதி 90. தாளுக்கு 40 எடுத்தால் தேர்ச்சி என்று நம்பி இரண்டிலும் 40 எடுத்தால் மொத்தம் 140, மறுபடி தோல்வி. இரண்டும் சேர்ந்து 90 வர வேண்டும்.

எனவே முதல் இரண்டு தாள்கள் எப்படிப் போயிருந்தாலும், மூன்றாம் தாளன்று அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.