வெள்ளம் சூழ்ந்த பட்டிக்கு வானூர்தியில் மிருக வைத்தியர்

கேள்வி: எங்கள் மாட்டுப்பட்டி முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் காட்டோரத்தில் இருக்கிறது. மாரி வெள்ளத்தில் பாதை அறுந்தால் மிருக வைத்தியர் வந்து சேர நாட்கள் செல்கின்றன. அவுஸ்திரேலியாவில் உலங்கு வானூர்தியில் மாடுகளுக்குத் தீவனம் போட்டார்களாம். வைத்தியரையும் மருந்தையும் அவ்வாறு அனுப்பினால் எங்கள் மாடுகள் பிழைக்கும் அல்லவா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பிழைக்கும், ஆனால் எல்லா மாடுகளும் அல்ல. நீங்கள் குறிப்பிடுவது 2019 பெப்ரவரியில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடமேற்கில் நிகழ்ந்தது. நெடுநாள் வறட்சியில் மெலிந்திருந்த மாடுகள் நாட்கணக்கில் பெருமழையிலும் குளிர்காற்றிலும் அகப்பட்டு, ஏறத்தாழ 5 இலட்சம் மாண்டன. வானூர்திகள் தீவனம் போட்டது உண்மை. அது எஞ்சியவற்றுக்கே உதவியது.

நம்மிடத்திலும் குளிரே முதலில் கொல்கிறது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலையொட்டி இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விழுந்து இறந்தபோது, தொற்றுநோயோ என்று பலரும் அஞ்சினர். குளிர் தாங்காமையே காரணம் எனப் பரிசோதனைகள் காட்டின. கூரையற்ற பட்டியில் நனைந்து நடுங்கும் கன்றுக்கு அந்த இரவிலேயே காற்று மறைப்பும் உலர்ந்த வைக்கோலும் தீயின் சூடும் வேண்டும். புயல் வீசும் இரவில் வானூர்தி பறக்காது. மறுநாள் பறந்தாலும் முதலில் மனிதரை மீட்கவே செல்லும், செல்லவும் வேண்டும்.

மாரிகால நெற்செய்கையான காலபோகத்தில் வயல்கள் எல்லாம் நெல்லாகிவிடுவதால் மாடுகளைக் குளத்தின் நீரேந்து பகுதிக்கும் ஆற்றோரத்துக்கும் காட்டுக்கும் ஓட்டுகிறோம். மேய்ச்சல் தரை போதிய அளவு ஒதுக்கப்படாததால், வெள்ளம் முதலில் ஏறும் இடத்திலேயே பட்டி நிற்கிறது. இந்தக் குறையைத் தீர்க்காமல் வானூர்தியை மட்டும் கேட்பது போதாது என்பது என் உறுதியான கருத்து.

வானூர்தியில் வரும் வைத்தியர் பெரிதும் பயன்படுவது நீர் வடியத் தொடங்கும் நாட்களில்தான். நாட்கணக்கில் சேற்றில் நின்ற மாட்டின் குளம்பு ஊறி, விரலிடுக்கு வெடித்துப் புண்ணாகும். கறவைப் பசுவுக்கு மடி வீங்கும். கன்றுக்குச் சளிக்காய்ச்சல் காணும். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. தொண்டையடைப்பான் என்னும் தொற்றுநோய் வேறு விதமானது. தாடைக்குக் கீழே வீங்கி, நாக்கு வெளியே தள்ளி, மூச்சு கரகரத்து, பல வேளைகளில் ஒரே நாளில் மாடு இறந்துவிடும். வீக்கம் கண்டபின் போடும் ஊசி பெரும்பாலும் காப்பாற்றாது. தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி ஏற்பட இரண்டு மூன்று கிழமைகள் செல்லும். ஆகவே ஆவணி, புரட்டாதியில், பாதை காய்ந்திருக்கும்போதே அந்த ஊசி போடப்பட வேண்டும். அதற்கு வானூர்தி தேவையில்லை.

கேள்வி: வானூர்தி வருமாயின் நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: மாரிக்கு முன்னரே எந்தப் பட்டி எங்கே நிற்கிறது, மாடுகள் எத்தனை, உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் என்ன என்று எழுதி, கிராம அலுவலரிடமும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள். நீர் ஏறாத மேட்டில் வலுவான அடைப்பு ஒன்று அமைத்து, மாடுகளை அதற்குள் நுழைந்து பழகச் செய்யுங்கள். காட்டில் மேயும் மாடு வானூர்தியின் இரைச்சலில் கலைந்து ஓடும். கலைந்த மாட்டுக்கு ஊசி போட எவராலும் இயலாது. இறங்குமிடம் அடைப்பிலிருந்து நன்கு தள்ளி, மரமோ மின்கம்பியோ இல்லாத வெளியாக இருக்கட்டும். மருந்துகளில் சிலவும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டியவை என்பதால், வைத்தியர் இறங்கியதும் மாடு தேடி அலையும் நிலை வரக்கூடாது.

கேள்வி: உதவி வரும்வரை, வெள்ளத்தில் நனைந்த நெல்லை மாடுகளுக்குக் கொடுக்கலாமா?
— வாசகர், துணுக்காய்

பதில்: கொடுக்க வேண்டாம். பசித்த மாடு நெல்லை நிறையத் தின்றால் வயிறு புளித்து, உப்பி, படுத்துவிடும்; பூஞ்சணம் பிடித்த நெல்லில் நஞ்சும் சேர்கிறது. வைக்கோலோ, வெட்டிய இலைகுழையோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். தவிடு இருந்தால் முதல் நாள் ஓரிரு கைப்பிடி மட்டும் வைத்து, பின்னர் மெல்லக் கூட்டுங்கள். வெள்ள நீரை விட்டுக் கிணற்று நீரைக் காட்டுங்கள். இறந்த மாடுகளைக் கிணற்றுக்கு அண்மையில் புதைக்காதீர்கள்.