தாத்தா கரும்புப் பணத்தில் கொடுத்தார், நீங்கள் கடன் பணத்தில் கொடுக்கிறீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஸ்டேங்கர் பக்கம் கரும்பு விவசாயம் செய்கிறேன். தாத்தா வாங்கி அப்பா வழியாக எனக்கு வந்த 150 ஹெக்டேர் நிலம். அதில் 25 ஹெக்டேர் ஆற்றோரக் காடு, வெட்டாமல் காத்து வருகிறேன். பண்ணைச் செலவும் வரியும் போக ஆண்டுக்கு 14 லட்சம் ராண்ட் நிற்கும். அதில் 7 லட்சம் கோயில், மாணவர் உதவி, வனவிலங்கு அமைப்பு, உறவினர் என்று போய்விடுகிறது. நிலத்தின் மேல் உள்ள ஆக்சஸ் பாண்ட் (அடைத்த பணத்தைத் திரும்ப எடுக்கக்கூடிய அடமானக் கடன்) 2019-இல் 12 லட்சம், இப்போது 32 லட்சம். அக்கா மகன் இரண்டாவது லாரிக்கு ஜாமீன் கேட்கிறான். மக்கடேமியா கொட்டை மரத் திட்டம் ஒன்றில் ஆண்டுக்கு 18% தருவதாகச் சொல்கிறார்கள். 20 ஹெக்டேரை விற்று அதில் போட்டால் தருமம் தடையில்லாமல் நடக்குமா? ஓப்பன்ஹைமர் குடும்பம் தங்கள் ட்ஸ்வாலு வனவிலங்குக் காப்பகத்தில் செய்வதில் நூறில் ஒரு பங்காவது செய்ய ஆசை.

பதில்: ஓப்பன்ஹைமரை விட்டுவிடுங்கள் ஐயா. டி பியர்ஸ் வைர நிறுவனத்தில் இருந்த 40% பங்கை 510 கோடி டாலருக்கு ஆங்கிலோ அமெரிக்கன் சுரங்க நிறுவனத்துக்கு விற்க 2011-இல் ஒப்பந்தம் போட்ட குடும்பம் அது. காலஹாரியில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் வைத்துக் காக்க அவர்களுக்கு முதல் இருக்கிறது. உங்களிடம் இருப்பது நிலம், அதுவும் அடமானத்தில்.

நீங்கள் அனுப்பிய பாண்ட் கணக்கில் தொகைகளைவிடத் தேதிகளைத்தான் அதிகம் பார்த்தேன். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது ஒன்று, தைப்பூசத்துக்கு ஒன்று, பெரிய வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்கு ஒன்று. ஆலை அரவை தொடங்குவதே ஏப்ரல் வாக்கில்தான். அதாவது கரும்பு வயலில் நிற்கும்போதே மேடையில் தொகையைச் சொல்லிவிடுகிறீர்கள், பாண்டிலிருந்து எடுக்கிறீர்கள், அறுவடைப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அது முழுதாக அடைவதே இல்லை. நேட்டால் மாகாணத்தில் அந்தக் காலத்தில் நம்மவர்கள் பாதிப் பணம் திரட்ட, அரசு மீதியைப் போட்டுத்தான் பல பள்ளிகள் எழும்பின. உங்கள் தாத்தாவும் அப்படிக் கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலைப் பணம் கைக்கு வந்த பிறகு கொடுத்திருப்பார். வங்கி அவருக்குக் கடன் கொடுத்திருக்காது என்பதும் உண்மைதான்.

கணக்கைப் பாருங்கள். 32 லட்சத்துக்கு 11% வட்டி, ஏறக்குறைய 3.5 லட்சம். வீட்டுச் செலவு 6 லட்சம். 14-இல் அது போக 4.5 நிற்கிறது. கொடுப்பதோ 7. ஆண்டுக்கு 2.5 லட்சம் துண்டு, அது கடனில் ஏறுகிறது. வட்டிக்கு வட்டி சேர்ந்து ஐந்து ஆண்டில் கடன் 47 லட்சத்தைத் தாண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி இன்னொன்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

இதில் கசப்பான ஒன்று உண்டு. கடனில் 15 லட்சம்தான் டிராக்டருக்கும், மறுநடவுக்கும், வெள்ளத்தில் போன பண்ணைப் பாதைக்கும் போனது. மிச்சம் 17 லட்சம் தருமமும் உறவும். அந்த 17-க்கு ஆண்டு வட்டி 1.87 லட்சம். வருமானம் ஈட்டச் செலவான கடனின் வட்டிக்குத்தான் வரிக்கழிவு, தருமத்துக்கு வாங்கிய கடனுக்குக் கிடையாது. கோயில் நன்கொடைக்கு 18ஏ ரசீதும் (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் ரசீது) வராது, மதப்பணி அந்தப் பட்டியலில் இல்லை. மாணவர் உதவிக்கும் வனவிலங்கு அமைப்புக்கும் ரசீது வந்தாலும், வரிக்குரிய வருமானத்தில் 10% வரைதான் அந்த ஆண்டு கழியும். உங்கள் விஷயத்தில் ஒன்றேமுக்கால் லட்சம். மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும்.

சரி, மருமகன். 2021-இல் முதல் லாரிக்கு 8 லட்சம் கொடுத்தீர்களே, அது கடனா, அன்பளிப்பா? கடன் என்றால் காகிதம் எங்கே? அன்பளிப்பு என்றால் அந்த ஆண்டின் விலக்கு 1 லட்சம் போக மீதி 7 லட்சத்துக்கு 20% நன்கொடை வரி, 1.4 லட்சம். அதைக் கட்டவேண்டியவர் கொடுத்தவர், அதாவது நீங்கள். கணக்காளரிடம் இந்த வாரமே பேசுங்கள். இரண்டாவது லாரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அக்கா கோபித்துக்கொள்வார், தெரியும். வங்கி நீட்டும் ஜாமீன் படிவத்தில் வரம்பு எழுதியிருக்கிறதா என்று அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மக்கடேமியா நட்டுக் காய்ப்புக்கு வரவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும், அப்புறமும் விலை நம் கையில் இல்லை. இப்போது நட்ட மரத்துக்கு முதல் ஆண்டிலிருந்தே 18% எங்கிருந்து வரும்? பின்னால் சேருபவர்கள் போடும் பணத்திலிருந்து வரலாம். நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று தெரியும். நிலத்தை விற்காதீர்கள்.

காட்டுக்குக் கடன் வாங்காத வழி ஒன்று இருக்கிறது. மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் அந்த 25 ஹெக்டேர் தேறுமா என்று கேளுங்கள். குறைந்தது 99 ஆண்டுக்கு இயற்கைக் காப்பகம் என்று பத்திரத்தில் பதிவானால், வருமான வரிச் சட்டத்தின் 37டி பிரிவில் நில மதிப்பில் ஆண்டுக்கு 4% வீதம் 25 ஆண்டு கழிவு. மதிப்பு 15 லட்சம் என்று வைத்தால் ஆண்டுக்கு 60,000 கழிவு, உங்கள் வரி விகிதத்தில் சுமார் 24,000 ராண்ட் மிச்சம். அந்த இடத்தில் ஏதாவது உபயோக உரிமை வைத்துக்கொண்டால் இது குறையும். அடமானம் இருப்பதால் வங்கியிடமும் பேச வேண்டியிருக்கும். பெரிய பணம் இல்லைதான், ஆனால் காடு உங்கள் பேரன் கடனாளியானாலும் நிற்கும்.

தருமத்தை நிறுத்தச் சொல்லவில்லை. டிசம்பரில் அரவை முடிந்து, வட்டியும் வீட்டுச் செலவும் போக நிற்பதில் மூன்றில் ஒரு பங்கு, இப்போதைக்கு ஒன்றரை லட்சம். மிச்சம் 3 லட்சம் கடனுக்கு. ஐந்தாவது ஆண்டுக்குள் அந்த 17 லட்சம் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு மேல் கடன் வாங்காமலே கொடுக்கலாம். மேடையில் இந்த ஆண்டு தொகை சொல்லாமல் இருப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. அதனால் பாண்டின் எடுக்கும் வரம்பை இப்போதைய நிலுவை அளவுக்குக் குறைக்கச் சொல்லி, தைப்பூசத்துக்கு முன்னாலேயே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.