கணக்கை யாரிடம் வாசிப்பது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தேன். 2025இல் அமெரிக்க அரசு, வெளிநாடுகளுக்கு உதவிப்பணம் கொடுத்துவந்த தன் யுஎஸ்எய்ட் நிறுவனத்தை மூடியபோது, அதிலிருந்து எங்களுக்கு நேரடியாகப் பணம் வரவில்லை என்றாலும், எங்களுக்குக் கொடுத்துவந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறேன். "அந்நியக் காசில் அரசியல் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான்" என்று தாய்மாமா தினமும் குத்திக்காட்டுகிறார்.

என் கேள்வி இதுதான். ஒரு நாட்டின் ஜனநாயகச் சீர்திருத்தத்துக்கு இன்னொரு நாடு பணம் கொடுப்பது சரியா, தவறா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் திட்டத்தால்தானே ஐரோப்பாவில் ஜனநாயகம் வேரூன்றியது? விழிப்புணர்வு இல்லாத மக்களுக்கு யாராவது வெளியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டாமா? இந்தியாவும் மியான்மர் போன்ற நாடுகளின் ஜனநாயகவாதிகளுக்கு வெளிப்படையாக நிதி கொடுத்தால் என்ன? சுருக்கமாகவாவது பதில் எழுதுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

(தக்கலை வாசகர்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் மாமாவை விட்டுவிடுவோம். வேலை போய் வீட்டில் இருக்கும் மருமகனிடம் உலக அரசியல் பேசாத தாய்மாமன் நம் மாவட்டத்தில் இல்லை. செய்த வேலைக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தைக் கணவன் கையிலிருந்து வாங்கித் தானே படித்துப் பார்க்க ஒரு பெண்ணுக்கு நீங்கள் துணிவு கொடுத்திருந்தால், அந்தச் சம்பளம் வாஷிங்டனிலிருந்து வந்ததா வடசேரியிலிருந்து வந்ததா என்பது எனக்குப் பெரிய விஷயம் அல்ல.

ஆனால் "விழிப்புணர்வு இல்லாத மக்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எங்கிருந்து எடுத்தீர்கள்? திட்ட முன்மொழிவுகளில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது போலிருக்கிறது. தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைக்கும் உரிமைக்காக, அரை நூற்றாண்டு அடிபட்ட பெண்களின் மண்ணில் பிறந்துவிட்டு இப்படி எழுதலாமா? 1859 ஜூலையில் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு திருவிதாங்கூர் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்துக்குப் பின்னால் சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தம் இருந்தது உண்மை. ஆனால் அவர் சென்னைக்கு ஆளுநராக வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே பெண்கள் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய், கிழிபட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து வந்த அழுத்தம் அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டவில்லை; ஏற்கெனவே விழித்திருந்தவர்களின் வழக்கில் சாட்சி சொன்னது, அவ்வளவுதான்.

மார்ஷல் திட்டத்தை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். 1948 முதல் 1952 வரை ஏறக்குறைய 1,300 கோடி டாலர் ஐரோப்பாவுக்குப் போனது. பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் போனதைப் போலவே சலாசாரின் சர்வாதிகாரத்தில் இருந்த போர்ச்சுகலுக்கும் ஒரு பங்கு போனது. போர்ச்சுகலில் அதற்குப் பிறகும் 1974 ஏப்ரல் வரை அதே ஆட்சிதான் நடந்தது. பணம் பாலம் கட்டும், ஆலை கட்டும். பாராளுமன்றத்தை ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அதைக் காப்பாற்றிக்கொள்ள மூச்சுவிட இடம் கொடுக்கும். அதே போர்ச்சுகலின் சோஷலிஸ்ட் கட்சி 1973இல் மேற்கு ஜெர்மனியில், அங்குள்ள சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த ஃப்ரீட்ரிக் ஏபர்ட் அறக்கட்டளையின் ஆதரவில்தான் தொடங்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் நான் எதிர்க்கட்சி வக்கீலைப் போலப் பேசுவதாக எழுதுவீர்கள். நாடுகடந்து வாழ்ந்தவர்களுக்குக் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்தது, அது பயன்பட்டது. ஆனால் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் லிஸ்பன் படைவீரர்களும், அவர்களோடு வீதிக்கு வந்த ஜனங்களும்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் கடற்கரை மீனவர் சங்கங்களின் பழைய கணக்குப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேறொரு கட்டுரைக்காகத் தொடங்கிய வேலை. அந்தப் பதிவேடுகள்தான் உங்கள் கேள்விக்கு என் பதில். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1970களில் முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணியோடு சேர்ந்து மீனவர் சங்கங்கள் உருவானபோது அதில் வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு மனிதர்களும் இருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பாதிரியாரை அந்த ஊர்களில் வயதானவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். அதற்கு முன் மீனவர் நிலை என்ன? வலைக்கும் கட்டுமரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே பிடித்த மீனைக் கொடுக்க வேண்டும், அவன் சொல்வதே விலை. முன்பணம் ஒருபோதும் தீராது, தீரவும் விடமாட்டான். சங்கம் வந்த பிறகு மீன் கரையிலேயே சங்கத்தின் ஆளால் ஏலம் கூறப்பட்டது. ஏலத் தொகையிலிருந்து கடன் தவணைக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொண்டு, மீதியை மீனவர் கையில் கொடுத்து, அவருடைய பாஸ்புக்கில் எழுதினார்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் உப்புக்காற்றில் மை ஊறிய பக்கங்களில் சாளை, அயிலை, நெத்திலி என்று மீன்வாரியாகத் தொகையும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பெயருக்கு எதிரே பெருவிரல் ரேகையும் இருக்கின்றன. ஓர் இடத்தில் தொகை அடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டிருக்கிறது. திருத்தத்தின் அருகே இரண்டு ரேகைகள். யாரோ கணக்கு தவறு என்று சண்டை போட்டிருக்கிறார், இன்னொருவர் சாட்சிக்கு வந்திருக்கிறார்.

நான் ஜனநாயகம் என்று சொல்வது அந்த இரண்டு ரேகைகளைத்தான். தேர்தல், அரசியல் சாசனம், நீதிமன்றம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கணக்கு தவறு என்று ஒருவன் சொல்ல முடிய வேண்டும், அதைக் கேட்டு எழுதுகிறவர் திருத்த வேண்டும். அங்கே வெளிநாட்டுப் பணம் வந்தது, ஆனால் கணக்கு வெளிநாட்டுக்குப் போகவில்லை, கரைக்கு வந்தது. கொடுத்தவர்களுக்கும் ஓர் அறிக்கை போயிருக்கும். ஆனால் சங்கச் செயலாளர் யாரைக் கண்டு பயந்தார்? ஏலத்துறையில் நிற்கும் மீனவனைக் கண்டுதான்.

இதற்கு நேர் எதிரானதையும் அதே கரையில் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் உலகமே வந்தது. மணக்குடிப் பாலத்தைக் கடல் கொண்டுபோயிருந்த அந்த மாதங்களில் எந்த ஊருக்குள் போனாலும் ஒரு பதாகையாவது கண்ணில் படும். அவர்கள் கொண்டுவந்த அரிசிக்கும் கூரைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். அது முடிந்து, பங்கேற்பு ஜனநாயகம், உள்ளூர் ஆளுகை, பெண்கள் தலைமை என்று பயிற்சிகள் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. அப்போது ஒரு நிறுவனத்துக்கு அறிக்கைகளை மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். (நல்ல கூலி, மறைக்கவில்லை.) ஒருநாள் தற்காலிகக் குடியிருப்பில் கூட்டம். நகரத்திலிருந்து வந்த பயிற்சியாளர் சார்ட் பேப்பரில் வட்டங்கள் வரைந்து அதிகாரம் எங்கே இருக்கிறது என்று விளக்கினார். வருகைப் பதிவில் எல்லாரும் கையெழுத்திட்டு முடித்ததும், மீன் விற்கப் போகும் ஒரு அம்மா எழுந்து, "மக்களே, இந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு ரூவா செலவு? அத ஆருட்ட கேக்கணும்?" என்று கேட்டார். பயிற்சியாளர் சிரித்தார், அது தலைமை அலுவலகத்துக்குத்தான் தெரியும் என்றார். "எங்க சங்கத்துல நேத்து ஏலம் போன மீனுக்கு நேத்தே கணக்கு சொல்லுவாவ" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார். எனக்கு மொழிபெயர்க்க வந்த அறிக்கைப் படிவத்தில் எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று எழுதக் கட்டம் இருந்தது. யார் என்ன கேட்டார்கள் என்று எழுத இடமே இல்லை.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பயிற்சியாளர் ஒரு நாள் முழுக்க விளக்கினாரே, அதை அந்த அம்மா ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை ஆயிரம் பேர் கேட்கிறார்கள். அந்தப் பணத்தின் கணக்கை யாருக்கு முன்னால், எந்த மொழியில் வாசிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கொடுக்கிறவனுக்கு மட்டும் பதில் சொல்லப் பழகிய அமைப்பு, தன்னைச் சுற்றி இருக்கிற ஜனங்களுக்குப் பதில் சொல்லும் வழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அது நல்லவர்களால் நடத்தப்பட்டாலும் இழக்கும். ஜனநாயகத்தைக் கற்பிப்பதற்கென்றே அமைந்த நிறுவனத்தில் இப்படி நடந்தால், அது கற்பிப்பது வேறெதையோ.

இதை நாடுகளின் அளவிலும் பார்க்கலாம். 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகளும் நிறுவனங்களும் இலங்கைக்கு 450 கோடி டாலர் தருவதாக அறிவித்தன, அதைச் சமாதான முன்னேற்றத்தோடு இணைத்தன. விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டுக்கே வரவில்லை. சமாதானம் வந்தால் பணம் என்ற ஏற்பாட்டில், அங்குள்ள தமிழனும் சிங்களவனும் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இரு தரப்புத் தலைமைகளும் நன்கொடையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது, அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமாதானப் பேச்சில் நடுவில் நின்ற நார்வே நமக்கும் பழைய உறவுதான்: 1950களின் தொடக்கத்தில், குமரி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோதே, கொல்லம் நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கி விசைப்படகுகளைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கட்டுமரக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் இடையே பின்னால் வந்த சண்டையின் வித்துகளில் ஒன்று அங்கே இருக்கிறது. நல்ல மனத்தோடுதான் செய்தார்கள்.

இப்படிச் சொல்வதால் நான் உங்கள் மாமாவின் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். "அந்நியக் காசு" என்று கத்துகிறவர்களின் கணக்கும் எனக்குத் தெரியும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் வந்தது 1976இல், நெருக்கடி நிலையின்போது. 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் காங்கிரசும் பாஜகவும் அந்தச் சட்டத்தை மீறி நன்கொடை பெற்றன என்று தீர்ப்பளித்தது. 2018 நிதிச் சட்டத்தின் வழியாக 1976 முதல் முன்தேதியிட்டுத் திருத்தம் கொண்டுவந்து கட்சிகள் காப்பாற்றப்பட்டன. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2010இல் வந்த சட்டம், 2020இல் தொண்டு நிறுவனங்களுக்கு இறுக்கப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. 2012 பிப்ரவரியில் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்று பிரதமர் மன்மோகன் சிங்கே ஓர் அறிவியல் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அதே மாதம் நாகர்கோவில் விடுதியில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். இடிந்தகரைப் போராட்டப் பந்தலுக்கு மீனவர்கள் தங்கள் மீன் வருமானத்திலிருந்து பங்கு கொடுத்ததை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஆனால் அந்தப் பங்கை யாரும் செய்தியாக எழுதவில்லை. 2025இல் இந்திய வாக்காளர்களுக்கென்று அமெரிக்கா 2 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்ததாகக் கிளம்பிய கூச்சலும் இந்த வகைதான். அது வங்கதேசத்துக்கான ஒதுக்கீடு என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணங்களோடு எழுதிய பிறகும் உங்கள் மாமாவின் வாட்ஸ்அப்பில் அது இந்தியப் பணமாகவே சுற்றும்.

வெளிப்பணமே இல்லாமல் சீர்திருத்தம் நடக்குமா என்றால், சாமித்தோப்புக்குப் போய் முந்திரிக் கிணற்றைப் பாருங்கள். எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் இறைக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கு எதிராக நின்ற அய்யா வைகுண்டர் அதை ஏற்படுத்தியபோது எந்த நாடும் உதவவில்லை. அனந்தபுரி அரசனையும் வெள்ளைக்காரனையும் ஒரே மூச்சில் நீசன் என்று சொன்னவர் அவர், காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்றவர். அதே காலத்தில் சில மைல் தொலைவில், நாகர்கோவிலில், லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் பெண்மணிகள் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். அந்தப் பணம் கடல் கடந்து வந்ததுதான், ஆனால் தானமாக அல்ல, கூலியாக வந்தது. எண்ணி வாங்கியது அவள் கை. இந்த இரண்டில் எது பெரிது என்று இங்கே நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது, அதில் என்னை இழுக்காதீர்கள்.

மியான்மர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இந்தியா பணம் கொடுக்காமல் இல்லை. காபூலில் ஆப்கானிஸ்தானுக்குப் பாராளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தது நாம்தான். 2015 டிசம்பர் 25 அன்று திறந்தார்கள், 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்த பிறகு அதில் கூடப் பாராளுமன்றம் இல்லை. 2005இல் ஐக்கிய நாடுகள் ஜனநாயக நிதியம் தொடங்கப்பட்டபோது ஒரு கோடி டாலர் தருவதாக அறிவித்ததும் நாம்தான். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது, ஆங்கிலமும் நன்றாக வரும். அந்த நிதியத்தின் திட்ட மதிப்பீட்டு அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன, எடுத்துப் படியுங்கள். அவற்றில் எந்த ஊரிலாவது, பயன்பெற்ற ஜனங்களுக்கு முன்னால் செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது என்று ஒரு வரி கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள். முட்டத்துப் பதிவேட்டோடு சேர்த்து அதையும் என் கட்டுரையில் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.